'யூ சீட் (cheat) மீ' என்று எழுதினால் எங்கே கோளாறு? சீன மாணவரின் ஆங்கிலத்தில் பொய்யும் ஏமாற்றும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கும் நம்மவர்கள் நிறைய. இலக்கணம் சுத்தமாக எழுதுகிற மாணவர்கூட பொய், ஏமாற்று, மோசடி என்று விஷயம் வந்ததும் தடுமாறுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தத் தடுமாற்றங்களை அறிகுறி வாரியாகப் பிரித்து, காரணத்தையும் திருத்தத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. மாணவரின் வாக்கியம் எதோடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் ஒன்று மட்டும். மாண்டரினில் 'பியேன்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. பொய் சொல்வதும் பியேன்தான், பணத்தைச் சுருட்டுவதும் பியேன்தான். குழந்தைக்குப் போக்குக் காட்டி மருந்து குடிக்க வைப்பதும், நண்பனைச் சும்மா கலாய்ப்பதும் அதுவே. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆளையும் வைக்கலாம், பணத்தையும் வைக்கலாம், கல்யாணத்தையும் வைக்கலாம். ஆங்கிலம் இந்த வேலையைப் பல சொற்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. தனக்குப் பின்னால் இன்னதுதான் வரவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லும் அடம்பிடிக்கும். நான் பார்த்தவரை மாணவர் சறுக்குவது சொல்லின் பொருளில் குறைவு, சொல்லுக்குப் பின்னால் நிற்பதில்தான் அதிகம். ஆகவே சிவப்புப் பேனாவை எடுத்ததும் வினைச்சொல்லை அடிக்காதீர்கள். அதற்கு அடுத்த இரண்டு சொற்களைப் பாருங்கள்.

அறிகுறி: சும்மா சொன்னதற்கெல்லாம் 'யூ சீட் மீ' என்கிறார்

நாளைக்குப் பரீட்சை இல்லை என்று ஒருவன் புளுகுகிறான். நம்பிய நண்பன் உண்மை தெரிந்ததும் 'யூ சீட் மீ!' என்று கத்துகிறான். மாண்டரினில் 'நீ பியேன் வோ' என்று சொல்லியிருந்தால் அது மிகச் சாதாரணமான பேச்சு. ஆங்கிலக் காதுக்கோ பணம் ஏதோ கைமாறிவிட்டதுபோல் கேட்கும். சீட் என்றால் விதியை மீறி ஆதாயம் அடைந்திருக்க வேண்டும். சீட்டாட்டம், பரீட்சை, வியாபாரம், தாம்பத்யம் இப்படி விதி உள்ள இடங்களில்தான் அந்தச் சொல்லுக்கு வேலை.

திருத்தும்போது மாணவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: உனக்கு நஷ்டம் ஏதாவது உண்டா? பணமோ, மார்க்கோ, நியாயமாகக் கிடைக்க வேண்டிய வேறு எதுவோ போயிருந்தால் சீட் இருக்கட்டும். எதுவும் போகவில்லை என்றால் சீட் வேண்டாம். நிஜப் பொய்யாக இருந்தால் 'யூ லைட் டு மீ'. விளையாட்டாக இருந்தால் 'யூ ஆர் கிட்டிங்'.

எதிர்ப்பக்கமும் உண்டு. கலாய்த்தவன் சிரித்துக்கொண்டே 'பியேன் நீ த' என்பான். சும்மா சொன்னேன் என்று அர்த்தம். அதை 'ஐ சீட் யூ' என்று ஆங்கிலப்படுத்தினால் குற்ற வாக்குமூலம் ஆகிவிடும். 'ஜஸ்ட் கிட்டிங்' போதும். பிரிட்டிஷ் பேச்சில் 'ஐ வாஸ் ஹேவிங் யூ ஆன்', 'ஐ வாஸ் புல்லிங் யுவர் லெக்' என்றும் வரும். இந்தக் கடைசித் தொடரைக் கற்பிக்கும்போது கவனம் தேவை. மாண்டரினில் பின்னங்காலைப் பிடித்து இழுப்பது என்ற வழக்கு உண்டு. ஒருவரின் முன்னேற்றத்துக்குத் தடையாக இருப்பது என்று அதற்குப் பொருள். அதனால் 'புல்லிங் மை லெக்' என்றதும், இவன் என் வேலையைக் கெடுக்கிறான் என்று மாணவர் புரிந்துகொள்வார். நம்ம ஊரில் காலை வாரிவிடுவது என்றால் எப்படிப் புரியுமோ, கிட்டத்தட்ட அப்படி. தொடரை அறிமுகப்படுத்தும் அன்றே இந்தக் குழப்பத்தையும் சொல்லிவிடுவது நல்லது.

அறிகுறி: பொய் என்று வந்தாலே 'பிளஃப்'

இது சிங்கப்பூர், மலேசிய மாணவரிடம் மட்டும் தென்படும். 'டோன்ட் பிளஃப் லா' என்றால் புளுகாதே என்று இங்கே எல்லாருக்கும் புரியும். தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசுகிறார்கள். உள்ளூர்ப் பேச்சில் அதைத் திருத்த நான் மெனக்கெடுவதில்லை. கட்டுரையிலும் வெளியூர்க்காரரிடம் பேசும்போதும் மட்டும் அது எடுபடாது. அங்கே பிளஃப் என்றால் கையில் இல்லாத பலம் இருப்பதுபோல் காட்டி எதிராளியை மிரட்டுவது.

இதை விளக்க உதாரணத்துக்கு அலைய வேண்டாம், மாணவரின் சொந்த இலக்கியத்திலேயே இருக்கிறது. மூன்று நாடுகளின் கதையில் வரும் காலிக் கோட்டைத் தந்திரம் எந்தச் சீனப் பிள்ளைக்கும் தெரியும். ஜுகே லியாங்கிடம் கோட்டையைக் காக்கப் படை இல்லை. எதிரே ஸிமா யீ பெரும் சேனையோடு வருகிறான். ஜுகே லியாங் கோட்டைக் கதவுகளை அகலத் திறந்து வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்து சாவகாசமாகத் தந்தி வாத்தியம் வாசிக்கிறார். உள்ளே ஏதோ பொறி இருக்கிறது என்று ஸிமா யீ சேனையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை மாணவரையே கண்டுபிடிக்க விடுங்கள். 'ஹி லைட்' தப்பு, 'ஹி சீட்டட்' அதைவிடத் தப்பு, 'ஹி பிளஃப்ட்' சரி. ஸிமா யீ துணிந்து உள்ளே நுழைந்திருந்தால் அதற்கு 'கால்ட் ஹிஸ் பிளஃப்' என்று பெயர். இந்த ஒரு கதையிலேயே சொல்லும் தொடரும் இரண்டும் பதிந்துவிடும்.

அறிகுறி: 'ஹி லைட் மீ', 'ஐ வாஸ் லைட்', 'ஹி செட் எ லை'

மூன்றும் ஒரே நோய். பியேன் ஆளை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும், லை பிடிக்காது. நடுவில் 'டு' வேண்டும்: 'ஹி லைட் டு மீ'. செயப்பாட்டு வினையிலும் அந்த 'டு' விடாது, 'ஐ வாஸ் லைட் டு' என்றுதான் முடியும். வாக்கியம் பாதியில் நிற்பதுபோல் மாணவருக்குத் தோன்றுவதால் கடைசிச் சொல்லை வெட்டிவிடுகிறார். பிள்ளை சோம்பேறி என்று நினைக்க வேண்டாம், அறுந்து தொங்குகிற வாலை நறுக்கிவிட்டோம் என்ற திருப்தியில் செய்கிறார்.

'செட் எ லை' வருவது 'ஷுவோ ஹுவாங்' என்ற சொல்லிலிருந்து. அதில் முதல் பாதி சொல்வது, இரண்டாம் பாதி பொய். ஆங்கிலத்தில் பொய்யை 'டெல்' பண்ண வேண்டும், 'சே' பண்ணக் கூடாது. 'ஹி டோல்ட் மீ எ லை.' இங்கே மட்டும் 'டு' வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முன்பு கற்றதை இங்கேயும் கொண்டுவந்து ஒட்டுவார்.

'ஹி லைட் தட் ஹி வாஸ் சிக்' என்றும் எழுதுவார்கள். முழுத் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் காதில் இடறும். 'ஹி லைட் அபவுட் பீயிங் சிக்' என்று மாற்றுங்கள். அல்லது 'ஹி செட் ஹி வாஸ் சிக், பட் இட் வாஸ் எ லை' என்று இரண்டாக உடைத்துவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், குழந்தைக்கும் சுலபம்.

லை என்ற அதே சொல் படுப்பதற்கும் உண்டு. பொய்க்கு லைட், லைட். படுப்பதற்கு லே, லெய்ன். ஆங்கிலேயரே இதில் அடிக்கடி சறுக்குவதால் மாணவரை அதிகம் வாட்ட வேண்டாம்.

அறிகுறி: 'ஹி சீட்டட் மை மனி', 'ஷி சீட்டட் மீ டு சைன்'

அதிகம் தென்படும் கோளாறு இதுதான். திருத்திவிட்டால் அதிக மார்க் மிச்சமாவதும் இதில்தான்.

மாண்டரினில் 'பியேன் சியேன்' என்றால் பணத்தை ஏமாற்றிப் பறிப்பது. வினைக்கு அடுத்து நேராகப் பணம் வந்துவிடுகிறது. கல்யாண மோசடி, காப்பீட்டு மோசடி, கடன் மோசடி எல்லாவற்றுக்கும் அதே அச்சு. ஆங்கிலத்தில் சீட் என்ற சொல்லுக்கு அடுத்த நாற்காலி ஏமாந்தவருக்கு மட்டும். பணத்தை அங்கே உட்காரவைத்தால், பணத்தையே ஏதோ ஏமாற்றி நம்பவைத்ததுபோல் ஆகும். ஆளை முதலில் வை, பறிபோனதை 'அவுட் ஆஃப்' என்பதற்குப் பின்னால் வை என்று சொல்லிக்கொடுங்கள். 'ஹி சீட்டட் மீ அவுட் ஆஃப் மை மனி.' சீட்டுக்குப் பதிலாகக் கான், ஸ்விண்டில், ட்ரிக் எதைப் போட்டாலும் வாக்கியத்தின் அமைப்பு மாறாது.

பறிபோனது எதுவும் இல்லை, ஆளை ஒரு காரியம் செய்ய வைத்துவிட்டார்கள் என்றால் 'இன்டு'. 'ஷி ட்ரிக்ட் மீ இன்டு சைனிங் இட்.' மாணவர் 'டு சைன்' என்று எழுதுவதற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆஸ்க், டெல், ஃபோர்ஸ் எல்லாவற்றுக்கும் அப்படித்தானே வருகிறது? ஏமாற்றும் சொற்கள் அந்தக் கூட்டத்தோடு சேராது. ட்ரிக், கான், ஃபூல், டாக், ஸ்வீட்-டாக் என்று எதை எடுத்தாலும் 'இன்டு', அதற்குப் பிறகு 'இங்' விகுதி.

சரிபார்க்க ஒரு குட்டிப் பயிற்சி. ஒரு தாத்தாவிடம் கடைக்காரன் ஒன்றுக்கும் உதவாத மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டான் என்று கதை சொல்லுங்கள். மாணவர் இரண்டு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்று தாத்தா செய்த காரியத்தைப் பற்றி, மற்றது தாத்தா இழந்ததைப் பற்றி. முதலாவதில் 'இன்டு பையிங்', இரண்டாவதில் 'அவுட் ஆஃப் ஹிஸ் சேவிங்ஸ்' வந்துவிட்டால் கோளாறு தீர்ந்தது. 'சீட்டட் தி ஓல்ட் மேன்ஸ் மனி' என்று மறுபடி வந்தால் இன்னும் இரண்டு கதை வேண்டும். காப்பீடு, கடன் போன்றவற்றுக்கு வினைச்சொல்லை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லுக்குத் தாவிவிடுங்கள்: 'இன்சூரன்ஸ் ஃபிராட்', 'லோன் ஃபிராட்'. அங்கே சண்டையே இல்லை.

ஏமாற்று வேலையெல்லாம் இல்லை, விலையில் கொள்ளையடித்தார்கள் என்றால் 'ரிப்ட் ஆஃப்'. மாண்டரினில் வாடிக்கையாளரை வெட்டுவது என்பார்கள். சுற்றுலாத் தலங்களில் கடல் உணவு சாப்பிட்டவர்களின் புலம்பலில் இந்தச் சொல் கட்டாயம் இருக்கும்.

அறிகுறி: கணவன் துரோகம் செய்தான், ஆனால் வாக்கியத்தில் கள்ளக்காதலைக் காணோம்

'ஹி சீட்டட் மீ' என்றால் கணவன் சொத்தில் ஏதோ தில்லுமுல்லு செய்தான் என்றே படும். 'சீட்டட் ஆன் மீ' என்றால்தான் இன்னொரு பெண் கதைக்குள் வருவாள். மாண்டரினில் தண்டவாளத்தை விட்டு இறங்குவது என்று தனிச் சொல்லே இருப்பதால், பியேனிலிருந்து இதற்கு வருவதற்கு மாணவருக்கு வழி தெரிவதில்லை. ஒரு எச்சரிக்கை: 'ஆன்' கற்ற உற்சாகத்தில் 'மை பிசினஸ் பார்ட்னர் சீட்டட் ஆன் மீ' என்று எழுதிவிடுவார்கள். கூட்டாளி காதலராகிவிடுவார்.

அறிகுறி: 'மை ஃபாதர் ஹிட் மை கிராண்ட்மதர்'

படித்ததும் தூக்கிவாரிப்போடும். அப்பா பாட்டியை அடித்தாரா? இல்லை. மாணவர் எழுத நினைத்தது 'ஹைட்' என்பதன் இறந்த காலம். அவர் சொல்ல வந்தது அப்பா பாட்டியிடம் ஒரு விஷயத்தை மறைத்தார் என்று. தமிழ் எழுத்தில் இரண்டுமே 'ஹிட்' தான். சீன மாணவரின் உச்சரிப்பிலும் அப்படியே, ஏனென்றால் மாண்டரின் அசைகள் ட், த் போன்ற ஒலிகளில் முடிவதில்லை. ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து வாய்க்குள்ளேயே அடங்கிவிடும்.

மூல வினை 'மான்'. ஒருவரிடமிருந்து உண்மையை மறைப்பது. அதற்கு அடுத்து, யாரிடமிருந்து மறைக்கிறோமோ அவரே வருவார். ஆங்கிலத்தில் ஹைட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஆளை வைத்தால் ஆளையே பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்ததாக அர்த்தம். திருத்தம் சுலபம்: 'மை ஃபாதர் கெப்ட் இட் ஃப்ரம் ஹர்.' இன்னும் எளிது 'வி டிட்ன்ட் டெல் ஹர்.'

இந்தக் கட்டுரைத் தலைப்பு அடிக்கடி வரும் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். முதியவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் அவரிடம் சொல்லாமல் குடும்பமே சேர்ந்து மறைப்பது சீனாவில் பரவலான வழக்கம். மருத்துவரும் முதலில் பிள்ளைகளைத்தான் கூப்பிட்டுச் சொல்வார். 2021 முதல் நடப்பில் உள்ள சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பு, நோயாளியிடம் நேரில் சொல்வது உசிதமில்லை என்றால் நெருங்கிய உறவினரிடம் விளக்க வேண்டும் என்கிறது. மாணவர் இதை அன்பின் அடையாளமாக எழுதுகிறார். எழுதும்போது 'வி டிசீவ்ட் ஹர்' என்று போட்டால், படிக்கிறவர் மனத்தில் குடும்பமே வில்லனாகிவிடும். டிசீவ் இருட்டான சொல். உள்நோக்கம், சூழ்ச்சி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கு நேரெதிர்ப் பிழை 'ஒயிட் லை'. மாண்டரினில் நல்லெண்ணப் பொய் என்று ஒரு தொடர் உண்டு. அகராதி அதற்கு நேராக ஒயிட் லை என்று போடும். பாதிதான் பொருந்தும். அத்தை செய்த பாயசம் சுமார்தான், ஆனாலும் பிரமாதம் என்கிறோமே, அது ஒயிட் லை. அற்பமான, யாரையும் பாதிக்காத பொய். சாவு நெருங்கிய செய்தியை மறைப்பதை ஒயிட் லை என்றால் ஆங்கில வாசகருக்கு அது அலட்சியமாகப் படும். நல்லெண்ணப் பொய் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம், ஒயிட் லை சின்னதாக மட்டும்தான் இருக்க முடியும். எனவே பெயர் சூட்ட வேண்டாம், நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்: 'வி கெப்ட் தி ட்ரூத் ஃப்ரம் ஹர் பிகாஸ் வி வான்டட் டு ஸ்பேர் ஹர் தி ஃபியர்.' மதிப்பீட்டை வாசகர் பார்த்துக்கொள்வார்.

அறிகுறி: 'ஐ டிசீவ்ட் ஹிம், பட் ஹி டிட்ன்ட் பிலீவ் மீ'

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது அபத்தம். அவன் நம்பவில்லை என்றால் நீ ஏமாற்றவே இல்லையே! மாண்டரின் வினைகள் பலவும் முயற்சியைச் சொல்லும். காரியம் பலித்ததா என்பதை இன்னொரு சொல் வந்து சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் டிசீவ், ஃபூல், ட்ரிக், கான் எல்லாவற்றிலும் பலித்தது என்பது உள்ளேயே அடக்கம். லை மட்டும் விதிவிலக்கு. பொய் சொல்வது சொல்கிறவன் கையில், நம்புவது கேட்கிறவன் கையில். ஆகவே 'ஐ லைட் டு ஹிம், பட் ஹி டிட்ன்ட் பிலீவ் மீ' தாராளமாக நிற்கும். மற்றவற்றுக்கு 'ட்ரைட் டு' சேர்த்துவிடுங்கள்.

இதே இடத்தில் ஏமாந்தவர் பக்கச் சொல்லையும் கொடுத்துவிடலாம். மாண்டரினில் 'ஷாங் தாங்' என்பது ஆங்கிலத்தில் 'ஃபால் ஃபார்'. 'ஐ ஃபெல் ஃபார் இட்', 'ஐ டிட்ன்ட் ஃபால் ஃபார் இட்.' பின்னால் கதையோ தந்திரமோ வர வேண்டும். ஆள் வந்தால் காதல்: 'ஐ ஃபெல் ஃபார் ஹிம்' என்றால் அவனிடம் மனத்தைப் பறிகொடுத்தேன். மோசடிக்காரனைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பிழை வந்தால் கதையே திரும்பிவிடும்.

அறிகுறி: எதிரே இருப்பவர் எல்லாரும் 'லையர்'

மாண்டரினில் தோழி தோழனைப் பார்த்து 'தா பியேன் ஸ' என்று செல்லமாகத் திட்டலாம். சொல்லுக்குச் சொல் பெரிய ஏமாற்றுக்காரன், தொனியில் போடா புளுகா. ஆங்கிலத்தில் 'யூ ஆர் எ லையர்' செல்லத்துக்கு அடங்காது. நீ ஒரு பொய் சொன்னாய் என்று மட்டும் சொல்லாமல் உன் குணமே பொய் என்கிற குற்றச்சாட்டு அது.

அந்தச் சொல்லின் கனம் தெரிய பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைக் காட்டலாம். காமன்ஸ் சபையில் சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்ல அனுமதி இல்லை. 2021 ஜூலையில் டான் பட்லர் என்ற உறுப்பினர் பிரதமர் போரிஸ் ஜான்சன் பொய் சொன்னார் என்று பேசி, வாபஸ் வாங்க மறுத்ததால் அன்றைக்கு அவையை விட்டு வெளியேற்றப்பட்டார். 1906இல் சர்ச்சில் அதே சபையில் 'டெர்மினலாஜிக்கல் இன்எக்ஸாக்டிட்யூட்' என்று சுற்றிவளைத்தார். 1986இல் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் 'எகனாமிக்கல் வித் தி ட்ரூத்' என்று சொல்லி மாட்டிக்கொண்டார். உண்மையைச் சிக்கனமாகச் செலவழிப்பது! மேல் வகுப்பு மாணவருக்கு இந்த மூன்றையும் சொல்லுங்கள், ரசிப்பார்கள்.

சின்ன வகுப்புக்கு இவ்வளவு வேண்டாம். அடுத்தவரை மறுக்க வேண்டும் என்றால் 'தட்ஸ் நாட் ட்ரூ'. நண்பனிடம் 'ஓ, கம் ஆன்'. குழந்தைப் பொய்க்கு 'ஃபிப்'. கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்த பேச்சுக்கு 'ஸ்ட்ரெச்சிங் தி ட்ரூத்'. கண்ணைத் திறந்துகொண்டே குருட்டுப் பேச்சுப் பேசுவது என்று மாண்டரினில் சொல்லும் கூசாத பொய்க்கு 'பேர்ஃபேஸ்ட் லை' அல்லது 'லையிங் த்ரூ ஹிஸ் டீத்'.

ஜம்பமாக அளக்கிறவனையும் லையர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். மாண்டரினில் அது மாட்டை ஊதுவது. ஆங்கிலத்தில் 'பிராகிங்', 'டாக்கிங் பிக்'. ஆங்கிலத்திலும் 'புல்' என்றொரு சொல் இருக்கிறதே, அங்கேயும் மாடுதானா என்று கண்கள் விரியக் கேட்பார்கள். அது நாகரிகமில்லாத ஒரு சொல்லை நினைவூட்டும், பரீட்சைத் தாளில் வேண்டாம் என்று சொல்லி அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: பாட்டிக்கு 'ஃபேக் டீத்', மேசையில் 'ஃபேக் ஃபிளவர்', பாடகர் 'ஃபேக் சாங்'

'ஜியா' என்ற ஒரே அடைமொழி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பதன் விளைவு. ஃபேக் என்பதில் ஒரு வசை இருக்கிறது. யாரையோ ஏய்ப்பதற்காகச் செய்தது என்று. பாட்டி யாரையும் ஏய்க்கவில்லை, மெல்லுகிறார். அதனால் 'ஃபால்ஸ் டீத்'. பூவுக்கு 'ஆர்ட்டிஃபிஷியல்', செயற்கைக் காலுக்கும் அதுவே. முடிக்கு 'விக்'. ஏய்ப்பதற்கென்றே செய்தவற்றில் பங்கு பிரிவது இப்படி: ரூபாய் நோட்டும் மருந்தும் பிராண்ட் கைப்பையும் 'கவுன்டர்ஃபீட்', கையெழுத்தும் உயிலும் 'ஃபோர்ஜ்ட்'. கைப்பைக்குப் பேச்சு வழக்கில் 'நாக்ஆஃப்' என்றும் சொல்லலாம், மாண்டரின் 'ஷான் ஜாய்' என்பதற்கு அது நெருங்கி வரும். பாடுவதுபோல் வாயசைப்பது 'லிப்-சிங்க்'. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு சிறுமி மேடையில் நிற்க, ஒலித்தது இன்னொரு சிறுமியின் குரல் என்று பிறகு தெரியவந்ததே, அதைச் சொன்னால் இந்தச் சொல் மறக்காது. கால்பந்தில் எதிராளியை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் நழுவுவது 'ஃபெயின்ட்' (feint).

ஏய்ப்பதற்கென்றே செய்ததில் எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால் ஃபேக் என்றே போடு என்று மாணவரிடம் சொல்லலாம், பாட்டியின் பல் அதில் சேராது.

அறிகுறி: 'எ சீட்டர் கால்ட் மீ'

போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்பவன் சீட்டர் அல்ல, 'ஸ்கேமர்'. சீட்டர் என்றால் பரீட்சையிலோ காதலிலோ ஏமாற்றுபவர். செய்த காரியம் 'ஸ்கேம்', அதை எண்ணலாம், ஒன்று இரண்டு என்று. வழக்குப் பதிவாகும்போது அதுவே 'ஃபிராட்'.

இங்கே மாணவர் மடக்கக்கூடும்: சிங்கப்பூர்ச் செய்தித்தாளில் 'சார்ஜ்ட் வித் சீட்டிங்' என்று போடுகிறார்களே? நியாயமான கேள்வி, பதிலும் நம் வீட்டிலிருந்தே கிடைக்கிறது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சீட்டிங் ஒரு குற்றத்தின் பெயர். நம்மவர்கள் ஏமாற்றுக்காரனை ஃபோர் ட்வென்ட்டி என்று அழைப்பது அந்த 420ஆம் பிரிவை வைத்துத்தான். சிங்கப்பூரின் 1871 தண்டனைச் சட்டம் அதை ஒட்டியே எழுதப்பட்டது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் எண் 318 ஆகிவிட்டாலும் சீட்டிங் என்ற பெயர் போகவில்லை. இங்கிலாந்தில் அதே காரியம் 2006 சட்டத்தின்படி ஃபிராட். எனவே சிங்கப்பூர்ப் போலீஸ் செய்தியில் சீட்டிங் சரி, ஆனால் போனில் பேசியவன் அப்போதும் ஸ்கேமர்தான்.

சீனாவில் 2022 டிசம்பரில் தொலைத்தொடர்பு, இணைய மோசடித் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இந்தத் தலைப்பில் கட்டுரைகள் பெருகியிருக்கின்றன. 'ஷா ஜூ பான்' என்ற சொல்லை மாணவர் தயங்கித் தயங்கி 'பிக் புட்சரிங்' என்று மொழிபெயர்த்தால் அடிக்காதீர்கள். காதல் காட்டிப் பழகி, முதலீடு என்று கறக்கும் மோசடிக்கு அந்தப் பெயரே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் ஏமாந்தவர்களைப் பன்றி என்பது அவமதிப்பு, 'ரொமான்ஸ் பெய்ட்டிங்' என்று சொல்லுங்கள் என்று 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டது. கட்டுரைக்கு நான் இரண்டாவதைப் பரிந்துரைப்பேன். வண்டி முன்னால் வேண்டுமென்றே விழுந்து காசு கேட்பதை மாண்டரினில் பீங்கானை மோதுவது என்பார்கள். அதை அப்படியே பெயர்த்தால் புரியாது. பிரிட்டனில் வண்டியோடு வண்டி மோதவிட்டுக் காப்பீட்டுப் பணம் பிடுங்குவதை 'கிராஷ் ஃபார் கேஷ்' என்கிறார்கள், அதுதான் கிட்டத்தில் வரும்.

அறிகுறி: கட்டுரைக்குள் மானும் குதிரையும் வந்து நிற்கின்றன

நாலெழுத்துப் பழமொழியை மாணவர் அப்படியே பெயர்த்திருக்கிறார். மானைக் காட்டிக் குதிரை என்பது ச்சின் வம்சத்துக் கதை. கி.மு. 207இல் ஜாவ் காவ் என்ற அதிகாரி அரசவைக்கு ஒரு மானைக் கொண்டுவந்து குதிரை என்றான். யார் ஆமாம் போடுகிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. அங்கே ஒருவரும் ஏமாறவில்லை, எல்லாரும் பயந்தார்கள். ஆகவே டிசீவ், ட்ரிக் எதுவும் ஆகாது. 'கால் பிளாக் ஒயிட்' ஓரளவு ஒத்துவரும், கதையை ஒரு வரியில் சொல்லிவிடுவது அதைவிட மேல். காதைப் பொத்திக்கொண்டு மணியைத் திருடுவது 'கிட்டிங் யுவர்செல்ஃப்'. ஆட்டுத் தலையைத் தொங்கவிட்டு நாய்க்கறி விற்பது 'ஃபால்ஸ் அட்வர்டைசிங்'. புலி வருது கதை மட்டும் இரு பக்கமும் ஓநாய்தான், 'க்ரை வுல்ஃப்', யோசிக்கவே வேண்டாம்.

அறிகுறி: எழுதினால் சரி, பேசினால் 'யூ ஆர் லயன்'

சீனாவின் தென்பகுதியிலும் தைவானிலும் பலருக்கு இன், இங் ஒலிகள் ஒன்றாகிவிடும். 'லையிங்' சிங்கமாகிவிடுகிறது. ஸிச்சுவான், ஹுனான் பக்கத்து மாணவரில் பலருக்கு லகரமும் நகரமும் கலக்கும். வகுப்பில் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பதால் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். 'லயன்', 'லையிங்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்து, இரண்டாவதில் நாக்கின் நுனி மேல் அண்ணத்தைத் தொடாமல் கீழேயே கிடக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கச் சொன்னால் பிடிபட்டுவிடும். 'லையர்', 'லாயர்' குழப்பம் வேறு வகை. அது நாக்கால் வருவதில்லை, முதல் உயிரெழுத்தால் வருகிறது. லாயருக்கு உதடு குவிய வேண்டும், லையருக்கு விரிய வேண்டும்.